அப்பா இல்லாத முதல் பொங்கல் லீவு

கேள்வி: எனக்கு 44 வயது. அரசுப் பள்ளி ஆசிரியை. திருச்சியில் இருக்கிறோம். ஆகஸ்டில் அப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார். அவருக்கு 73 வயது. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா மணப்பாறைப் பக்கம் ஊரில் தனியாக இருக்கிறார். எவ்வளவு கூப்பிட்டும் எங்களோடு வர மறுக்கிறார். இந்த வருடம் எங்களுக்குப் பண்டிகை இல்லை. தீபாவளிக்கு நானும் போகவில்லை, பெங்களூரில் இருக்கும் தம்பியும் வரவில்லை. அன்று அம்மா பழைய சாதம் சாப்பிட்டதாகப் பக்கத்து வீட்டக்கா அப்புறம் சொன்னார்.

அரையாண்டு விடுமுறைக்கு மூன்று நாள் மூணாறு போக என் கணவர் ஜூலையிலேயே ரூம் போட்டுவிட்டார். "வருஷம் திரும்பறதுக்குள்ள டூரா?" என்று தம்பி கேட்கிறான். மாமியாரோ, "நம்ம வீட்டுப் பொங்கலை ஏன் நிறுத்தணும்?" என்கிறார். அம்மா, "நீங்க போய்ட்டு வாங்க, எனக்கென்ன, டி.வி. இருக்கு" என்கிறார். ஆனால் அந்த டி.வி.யை அப்பாவின் துண்டைப் போட்டு மூடி நான்கு மாதம் ஆகிறது. ராத்திரியில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்பதாகவும் சொல்கிறார்.

பள்ளி நடக்கும்போது நான் நன்றாகத்தான் இருக்கிறேன். லீவு விட்டால் சாவு நினைப்புதான். அப்பா 73, நான் 44, இன்னும் 29 வருஷம் என்று படுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன். போன வாரம் என் எட்டு வயது மகள் சொன்ன ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய் அழுதேன். எனக்கு என்ன ஆகிறது? மூணாறு போகலாமா, கூடாதா?
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்:

முதலில் மூணாறு. போங்கள். ஆனால் அந்த மூன்று நாளும் அம்மா எங்கே, யாரோடு இருப்பார் என்பதை முடிவு செய்துவிட்டுப் போங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது செருப்புச் சத்தமோ 29 வருஷக் கணக்கோ இல்லை, அந்தப் பழைய சாதம்தான். மற்றதற்கெல்லாம் பதில் இருக்கிறது, சொல்கிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

துக்கம் விழுந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை இல்லை என்பது நம் ஊரில் பரவலாக உள்ள வழக்கம். நான் மனநல மருத்துவர். அது சரியா தவறா என்று சொல்வது என் வேலை இல்லை. அதை எதிர்க்கவும் மாட்டேன். சொல்லப்போனால், அதில் நல்ல புத்தி இருக்கிறது. அம்மாவின் தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். சாவு விழுந்த வீட்டில் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்பார்கள். அதோடு பேச்சு நின்றுவிடாது. எண்ணெய்ச் சட்டி வைக்காத வீட்டுக்குப் பலகாரம் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பதும் அதே மூச்சில் வரும். பங்காளி வீட்டில் செய்யாவிட்டால் சம்பந்தி வீட்டிலிருந்து வரும். அதுவும் இல்லையென்றால் தெருவிலிருந்து வரும். யாராவது ஒரு அத்தை முறுக்கு டப்பாவோடு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, இறந்தவரைப் பற்றி நாலு வார்த்தை பேசி, மூக்கைச் சிந்திவிட்டு, "சாப்பிட்டியா இல்லையா?" என்று அதட்டிவிட்டுப் போவார். கோடித் துணி எடுத்து வந்து கொடுப்பதும் அப்படித்தான். கொண்டாட்டம் நின்ற நாளில் அந்த வீட்டுக்கு ஆள் வருவது நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

உங்கள் வீட்டில் முதல் பாதியைக் கடைப்பிடித்தீர்கள், மறுபாதி விட்டுப்போய்விட்டது. பண்டிகைதான் இல்லையே, எதற்குப் போக வேண்டும் என்று இருந்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. இன்று பாதிக் குடும்பங்களில் இதுதான் நடக்கிறது. ஊர் முழுக்க வெடிச் சத்தம் கேட்கும் நாளில், விளக்குப் போடாத ஒரு வீட்டில், 50 வருடமாக இரண்டு பேருக்குச் சமைத்துப் பழகிய கை, ஒருத்திக்கு என்ன சமைப்பது என்று யோசித்துவிட்டு முந்தின நாள் சோற்றில் தண்ணீரை ஊற்றிக்கொள்கிறது. அது பசியின்மைகூட இல்லை. சமைத்தால் மிஞ்சும், மிஞ்சினால் அழுகை வரும், அவ்வளவுதான்.

ஆகவே பொங்கலுக்கு உங்கள் முன் இருக்கும் கேள்வி, கொண்டாடலாமா கூடாதா என்பது மட்டும் இல்லை. அன்று மணப்பாறை வீட்டில் எத்தனை தட்டு விழப்போகிறது என்பதும்தான். பானை வைக்க வேண்டாம், வாசலில் பெரிய கோலம் வேண்டாம், மஞ்சள் கொத்து வேண்டாம். சாதாரண சோறு, சாம்பார், ஒரு பொரியல். ஆனால் ஐந்தாறு பேர் உட்கார்ந்து சாப்பிடட்டும். தம்பியிடமும் இதைச் சொல்லுங்கள். வருஷம் திரும்புவதைப் பற்றி பெங்களூரிலிருந்து போனில் கவலைப்படுகிறவர், போகியன்று ராத்திரி பஸ் ஏறி அம்மாவிடம் வந்துவிட்டால் அந்தக் கவலைக்கு ஒரு அர்த்தம் இருக்கும். இதை இவ்வளவு காரமாகச் சொல்ல வேண்டாம். "நீ வந்தா அம்மா சாப்பிடுவாங்கடா" என்று சொன்னாலே போதும்.

மாமியார் கேட்பதும் நியாயம்தான். பல வீடுகளில், கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தீட்டு மூன்று நாள்தான் என்பார்கள். புகுந்த வீட்டுப் பண்டிகை நிற்பதில்லை. உங்கள் பக்கத்து முறை எப்படி என்று பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாமியார் தன் கையால் பொங்கல் வைக்கட்டும். நீங்கள் அன்று காலை மணப்பாறையில் இருந்தால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. ஒன்று மட்டும்: உங்கள் மகளுக்குக் கரும்பு வாங்கிக் கொடுங்கள். குழந்தை கரும்பு கடிப்பதைத் துக்கத்துக்கு மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளும் தாத்தா யாரும் இருக்க முடியாது.

மூணாறுக்கு வருவோம். அம்மாவிடம் எப்படிக் கேட்டீர்கள்? "நாங்க போகட்டுமா?" என்று கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்விக்கு அந்தத் தலைமுறை அம்மாவிடமிருந்து "போய்ட்டு வாங்க" என்பதைத் தவிர வேறு பதில் வராது. நெஞ்சு வலித்தாலும் அதுதான் வரும். வேறு மாதிரி கேளுங்கள். "அந்த மூணு நாளும் நீ சித்தி வீட்டுல இருக்கியா, சித்திய இங்க வரச் சொல்லட்டுமா, இல்ல எங்ககூட வர்றியா?" இப்படிக் கேட்டால் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். மூன்றுமே வேண்டாம் என்றால் மறுநாள் மறுபடி கேளுங்கள். கணவரை இழந்த பெண் முதல் வருடத்தில் எங்கும் போகக் கூடாது என்று ஊரில் பேசுவார்கள். அவரும் அதை நம்பக்கூடும். அப்படியானால் சித்தி வருவதுதான் வழி. பேச்சுத் துணைக்கு, ராத்திரி பக்கத்துப் பாயில் படுக்க ஓர் ஆள் இருந்தால் சரி.

டி.வி. விஷயம். பதினாறாம் நாள் காரியம் வரை டி.வி. போடுவதில்லை என்று பல வீடுகளில் இருக்கிறது. நான்கு மாதம் என்பது யாருடைய சாஸ்திரத்திலும் இல்லை. தினமும் சாயங்காலம் அவர் என்ன சீரியல் பார்த்தார், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என்ன கேலி பேசினார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கேலி இல்லாமல் சீரியல் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை என்று நினைக்கிறேன். தனியாகப் போட மாட்டார். நீங்கள் போகும்போது உங்கள் மகளை விட்டுப் போடச் சொல்லுங்கள். துண்டை மடித்து அம்மா கையிலேயே கொடுங்கள். எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியும்.

செருப்புச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். 1971-ல் வேல்ஸ் நாட்டு கிராமப்புறத்தில் டெவி ரீஸ் என்ற குடும்ப மருத்துவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைச் சந்தித்து எழுதிய கட்டுரை எங்கள் துறையில் பிரபலம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி ஏதாவது ஒரு அனுபவம் இருந்திருக்கிறது. பலர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல் உணர்ந்திருக்கிறார்கள். சிலர் குரல் கேட்டிருக்கிறார்கள், சிலர் உருவத்தையே பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானோர் அதை அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை, பைத்தியம் என்பார்களோ என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். பலருக்கு அது ஆறுதலாகத்தான் இருந்திருக்கிறது. உங்கள் அம்மா உங்களிடம் சொல்லிவிட்டார் என்பதே நல்ல செய்தி. அடுத்த முறை சொன்னால், "சும்மா இரும்மா, அதெல்லாம் பிரமை" என்று சொல்லாதீர்கள். "எத்தனை மணிக்குக் கேட்டுச்சு? அப்பா வழக்கமா வர்ற நேரமா?" என்று கேளுங்கள். அவர் பேசுவார். ஆனால் அந்தச் சத்தம் அவரைக் கூப்பிடுவதாகவோ, மிரட்டுவதாகவோ, எதையாவது செய்யச் சொல்வதாகவோ சொன்னால் அது வேறு. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி உங்களுக்கு. உங்களுக்கு நோய் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் இருக்கும்போது நன்றாக இருக்கிறீர்கள், லீவில் இடிந்துபோகிறீர்கள் என்கிறீர்கள். நான் பார்க்கும் ஆசிரியர்கள் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். 40 நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கும் இடத்தில் மனசுக்கு அலைய நேரம் ஏது? மணி நின்றதும், நான்கு மாதமாக வாசலில் காத்திருந்ததெல்லாம் உள்ளே வருகிறது. அது லீவின் குற்றம் இல்லை. துக்கத்துக்கு வேறு எப்போது நேரம் கொடுத்தீர்கள்? பதினாறு நாள் முடிந்ததும் காலாண்டுத் தேர்வுக்குக் கேள்வித்தாள் எடுக்கப் போய்விட்டிருப்பீர்கள்.

இறப்புத் துயர் பற்றி ஐந்து கட்டம் என்று ஒன்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. உங்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அதை எழுதியது, தாங்களே சாகப்போகும் நோயாளிகளிடம் பேசிவிட்டு. பின்னால்தான் அதை இழந்தவர்களின் துக்கத்துக்கும் பொருத்தினார்கள். எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று நீங்கள் தேட வேண்டாம். நான் பார்த்தவரை துக்கம் வகுப்புவாரியாகத் தேர்ச்சி பெற்று மேலே போவதில்லை. எனக்கு நெருக்கமாகப் படுவது, நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரூபே, ஹெங்க் ஷுட் இருவரும் 1999-ல் சொன்னது. இழந்தவர் மனசு இரண்டு பக்கமும் போய்வருகிறது. கொஞ்ச நேரம் இழப்பிலேயே கிடக்கிறது; கொஞ்ச நேரம் கேஸ் புக் பண்ணுகிறது, பிள்ளைக்குத் தலை வாருகிறது, ஜோக்குக்குச் சிரிக்கிறது. திரும்பவும் போகிறது. இந்தப் போய்வருவதுதான் ஆரோக்கியம். ஒரே பக்கத்தில் மாட்டிக்கொண்டால்தான் நாங்கள் கவலைப்படுவோம்.

அப்படிப் பார்த்தால் நீங்கள் சிரித்ததும் சரி, பாத்ரூமில் அழுததும் சரி. இரண்டும் ஐந்து நிமிட இடைவெளியில் வந்ததால் பயந்துவிட்டீர்கள். டாக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ இருவரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. துணையை இழந்து ஏறக்குறைய ஆறு மாதம் ஆனவர்கள் இறந்தவரைப் பற்றிப் பேசும்போது அவர்களின் முகத்தை வீடியோவில் பதிந்து பார்த்தார்கள். நடுவில் மனம்விட்டுச் சிரித்தவர்களுக்கு வேதனை குறைவாகவே இருந்தது. சிரித்தவர்கள் நேசிக்காதவர்கள் இல்லை. அடுத்த முறை அழுகை வந்தால் பாத்ரூமுக்குப் போகாமல் மகள் பக்கத்திலேயே அழுங்கள். "தாத்தாவுக்கு இந்த ஜோக் பிடிச்சிருக்கும்ல" என்று சொல்லுங்கள். எட்டு வயதில், போனவர் திரும்பி வர மாட்டார் என்பது பெரும்பாலும் குழந்தைகளுக்குப் புரிந்திருக்கும். அவளுக்கு விளங்காதது, தான் ஜோக் சொன்னதும் அம்மா ஏன் எழுந்து போனாள் என்பதுதான்.

29 வருஷக் கணக்கைப் பற்றி. அப்பாவோ அம்மாவோ போன பிறகு நாற்பதுகளில் இருப்பவர்கள் பலரும் போடும் கணக்கு இது. நமக்கு முன்னால் நின்ற ஆள் நகர்ந்துவிட்டார், வரிசையில் அடுத்தது நாம் என்று முதல் முறையாகத் தெரிகிறது. இதை மனநோயாகப் பார்க்காதீர்கள், விரட்டவும் வேண்டாம். படுக்கையில் மட்டும் போடாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் போடும் எந்தக் கணக்கும் விடை தப்பாகத்தான் வரும். எழுந்து விளக்கைப் போட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பகலில் படித்தால், "29 வருஷம்தான்" என்று எழுதியது "29 வருஷத்தில் என்ன செய்ய ஆசை" என்று மாறிப் படுவதும் உண்டு. மாறாவிட்டாலும் பரவாயில்லை, தூக்கம் வந்தால் போதும். ஆனால், சாவைப் பற்றி நினைப்பது வேறு, சாக வேண்டும் என்று நினைப்பது வேறு. இரண்டாவது உங்களுக்கோ அம்மாவுக்கோ ஒரு தடவை வந்தாலும், "அவரோட போய்ச் சேர்ந்துட்டா தேவல" என்ற பேச்சு திரும்பத் திரும்ப வந்தாலும், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. பண்டிகை நாளிலும் அப்படித்தான்.

லீவு நாட்களை எப்படிக் கழிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். வாரிசுச் சான்றிதழ், பேங்க் நாமினி, குடும்ப ஓய்வூதிய ஃபார்ம் எல்லாவற்றையும் இந்த லீவிலேயே முடித்துவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தால் அதில் முக்கால்வாசியைத் தள்ளி வையுங்கள். அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் இன்னும் வராமல் இருந்தால் அதை மட்டும் முடியுங்கள்; அது அவர் கைச்செலவு. தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்று லீவைத் தீர்ப்பது, சும்மா இருக்கும் நேரத்துக்குப் பயந்து ஓடுவதற்கு மரியாதையான வழி, அவ்வளவுதான். நான் சொல்வது, காலையில் கைக்கு ஒரு வேலை, சாயங்காலம் வெளியே ஒரு நடை, நடுவில் எதுவும் இல்லாத இரண்டு மணி நேரம். அதில் தூங்குங்கள், அப்பா போட்டோவைப் பாருங்கள், பழைய பத்திரிகை புரட்டுங்கள். மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி உங்களை எழுப்பிவிட்டால் மறுபடி தூங்க மல்லுக்கட்ட வேண்டாம்; எழுந்து காபி போட்டுக்கொள்ளுங்கள். போனைத் தொடாதீர்கள்.

திருச்சியில் இருப்பதால் நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளைப் பார்த்திருப்பீர்கள். முதல் நாளே புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மறுநாள் குடும்பமே மெழுகுவர்த்தியும் மாலையுமாகப் போய் உட்காரும். பெரியவர்கள் ஜெபம் செய்வார்கள், குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடும். தை அமாவாசை அன்று ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறையும் அப்படித்தான். ஒருபக்கம் எள்ளும் தண்ணீரும், இன்னொருபக்கம் காவிரியில் குளிக்கும் பிள்ளைகளின் கும்மாளம். யாரும் யாரையும் முறைப்பதில்லை. நீங்கள் மூணாறில் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பா ஞாபகம் வந்தால், டூர் கெட்டுவிட்டது என்று கணவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஞாபகமும் கூட வந்திருக்கிறது, அவ்வளவே.

அப்பா பொங்கலுக்கு வழக்கமாகச் செய்த வேலைகள் என்னென்ன என்று யோசித்து வையுங்கள். வேறு யாருக்கும் கணக்கில் வராத சின்ன வேலைகளைச் சொல்கிறேன். பேரப் பிள்ளைகளுக்குக் காணும் பொங்கலன்று சலவை நோட்டு கொடுப்பாரா? அப்படியென்றால் இந்த வருடம் அதை அம்மா கொடுக்கட்டும், தன் பணத்திலிருந்து, தன் கையால். நோட்டை முன்கூட்டியே பேங்கில் மாற்றிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. துக்க வருடத்தில் கொடுக்கலாமா என்று அவர் கேட்டால், கொண்டாட்டம்தானே கூடாது, கொடுப்பது கூடாதென்று யாரும் சொல்லவில்லையே என்று சொல்லிப் பாருங்கள்.

எப்போது என்னைப் போன்றவர்களிடம் வர வேண்டும்? ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் துளியும் குறையாமல், அன்றாட வேலையே ஓடாமல் இருந்தால், அதை நீடித்த துயரக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியல் வகைப்படுத்துகிறது. 2022-ல் திருத்திய அமெரிக்க மனநலக் கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. உங்களுக்கு நான்கு மாதம்தான் ஆகிறது. வேலைக்குப் போகிறீர்கள், சிரிக்கிறீர்கள். உங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அம்மாவைத்தான் பார்க்க வேண்டும். துணையை இழந்த முதியவர்களின் உடம்பு முதல் சில மாதங்களில் சரிவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. எடை குறைகிறதா, ஜாக்கெட் தொளதொளவென்று இருக்கிறதா, குளிக்கிறாரா, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறார், நேரில் போகும்போது பாருங்கள். போனில் கேட்டால் எல்லாம் நல்லா இருக்கு என்பார்.

பிரஷர் மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ சாப்பிடுகிறவர் என்றால், மூணாறு கிளம்பும் முன் அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். இவ்வளவு நாள் அந்த மாத்திரையை ஞாபகப்படுத்தியது அப்பாவாக இருந்திருக்கலாம். பொங்கல் முடியும்வரைக்கும் போதுமான அளவு வாங்கி வைத்துவிடுங்கள். அந்த நாட்களில் ஊரில் மருந்துக்கடை திறந்திருக்கும் என்று நம்பி இருக்க முடியாது.